கணப்பு மூட்டும் முன்

ஊட்டியில் உறைபனி விழத் தொடங்கியதும் முதலில் விறகைக் கவனியுங்கள். சீகையோ (வாட்டில் மரம்) கற்பூர மரமோ (யூகலிப்டஸ்), பிளந்து மழை படாமல் அடுக்கி 6 மாதமாவது காற்றாட விட்டிருக்க வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் ‘டங்’கென்று கேட்க வேண்டும்; ‘தொப்’பென்றால் ஈரம். ஈர விறகின் புகை, புகைபோக்கிக்குள் தார்போலப் படிந்து ஒருநாள் தீப்பிடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறையாவது அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

சாம்பலை அள்ள இரும்பு வாளிதான். அடியில் கங்கு மறுநாள்வரைகூட கனன்றுகொண்டிருக்கும் (என் பிளாஸ்டிக் வாளி அப்படித்தான் போனது).

கரி அடுப்பையோ கங்குச் சட்டியையோ படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். குளிருக்கு இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.