காமராஜர் பெயரை போஸ்டரில் எழுதும்போது

காமராஜர் பிறந்தநாளான ஜூலை 15 நெருங்கினால் தக்கலையில் என் கடைக்கு ஃபிளக்ஸ் அடிக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். முதலில் நான் கேட்பது, "அண்ணே, காமராஜா, காமராஜரா?"

வீட்டில் வைத்த பெயர் காமாட்சி, குலதெய்வத்தின் பெயர். அம்மா சிவகாமி 'ராஜா' என்று கொஞ்ச, இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது. அப்பா குமாரசாமி, அதனால் 'கு. காமராஜ்'. கல்வெட்டு, வேட்பாளர் பட்டியல், வரலாற்றுக் குறிப்பு என்றால் இதுவே சரி. 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் எம்.பி. ஆனதைப் போடும்போதும் இப்படித்தான் எழுதுவேன்.

வாழ்த்து, மாலை, ஊர்வலம் என்றால் மரியாதை 'ர்' சேர்த்துக் 'காமராஜர்'. முன்னால் ஒரே ஒரு பட்டம் போதும். பெருந்தலைவர், கர்மவீரர், கல்விக்கண் திறந்தவர் என்று மூன்றையும் அடுக்கினால் பெயர் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும். 'திரு' வேண்டவே வேண்டாம். 'காமராஜரிற்கு' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். 'காமராஜருக்கு' என்று மாற்றிவிடுங்கள்.

'காமராசர்' என்றும் எழுதலாம். ஆனால் ஒரே போஸ்டரில் ஜ-வும் ச-வும் கலக்கக் கூடாது. நிறுவனப் பெயரை மட்டும் அவர்கள் எழுதுகிறபடியே விடுங்கள்: மதுரை காமராசர் பல்கலைக்கழகம்.

அக்டோபர் 2-க்கு ஒரு எச்சரிக்கை. அன்று காந்திக்குப் பிறந்தநாள், காமராஜருக்கு நினைவுநாள். இரண்டு படத்துக்கும் மேலே சேர்த்து 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று அடிக்கச் சொல்வார்கள். அடிக்காதீர்கள்.