மூன்று மணிக்கு எழுப்பிவிடாதீர்கள்

சாதாரண தரப் பரீட்சை நெருங்கிவிட்டால் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் விடியற்காலை மூன்று மணிக்கே விளக்கு எரியத் தொடங்கிவிடும். "அந்த நேரத்துல படிச்சாத்தான் மண்டையில ஏறும்" என்று அம்மாமார் பிள்ளைகளை உலுக்கி எழுப்புகிறார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, விஞ்ஞானப் புத்தகத்தை மடியில் விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். உதடு அசையும்; பக்கம் புரளாது. ஏழரைக்குப் பாடசாலை தொடங்கி முதல் பாடம் முடிவதற்குள் அதே பிள்ளை என் முன்னால் மேசையில் தலை சாய்த்துவிடும். "அக்கறை இல்லை" என்று பல வருடம் நானும் திட்டியிருக்கிறேன். அது பிழை.

கவனம் என்றால் மனவுறுதி மட்டும்தான் என்று நினைக்கிறோமே, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்காகச் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்புக் கலங்கள் சேர்ந்த ஒரு சிறு திரள் இருக்கிறது. உடம்பின் மணிக்கூடு அதுதான். உடற்சூடு எப்போது ஏற வேண்டும், இரவைச் சொல்லும் மெலடோனின் எப்போது சுரக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் கணக்கு. விடியற்காலை நாலு, ஐந்து மணி அளவில் உடற்சூடு நாளிலேயே மிகக் குறைவு. விழிப்பும் அப்போதுதான் அடியில் கிடக்கும். பதின்ம வயதில் இந்த மணிக்கூடு இன்னும் பிந்தி ஓடும். பதினொரு மணிக்குப் படுத்த பிள்ளையை மூன்றுக்கு எழுப்புவது பெரியவர் ஒருவரை நடுச்சாமத்தில் எழுப்புவது மாதிரி.

இன்னொரு நட்டமும் உண்டு. தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. கனவுத் தூக்கத்தில் பெரும்பகுதி பின்னிரவுச் சுற்றுகளில் வருகிறது. பகலில் படித்தது மனதில் உறைவதும் தூக்கத்தில்தான். படிப்பதற்காக அந்தத் தூக்கத்தையே வெட்டினால், படித்தது எங்கே தங்கும்? எட்டு மணிக்கே படுத்த பிள்ளை நாலரைக்கு எழும்பிப் படித்தால் சரி, தடுக்கத் தேவையில்லை. ஆனால் பக்கத்துக் காம்பராவில் டீவி ஓடும்போது எட்டு மணிக்கு யார் தூங்குவது?

அடுத்த தவறு பனியைச் சாட்டி உள்ளேயே இருப்பது. மூடுபனி இறங்கிய காலையில் "வெயிலே இல்லை, வெளியில போய் என்ன செய்ய?" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். காம்பரா விளக்கு கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் சில நூறுக்குள்தான். மேகம் மூடிய வானம்கூட ஆயிரக்கணக்கில் தரும். உடம்பின் மணிக்கூடு தனியே விட்டால் 24 மணித்தியாலத்தைவிடச் சற்று நீண்டே ஓடும். அதைத் தினமும் திருத்துவது காலை வெளிச்சம். 1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சுக்காரர் கைக்கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதம் ஒரு குகைக்குள் இருந்தார். செப்டம்பர் 14ஆம் திகதி வெளியே வந்தபோது அவர் கணக்கில் ஓகஸ்ட் 20தான்! ஆகவே காலைத் தேத்தண்ணிக் கோப்பையை அடுப்படியில் குடிக்காமல் வாசலில் நின்று குடிக்கச் சொல்லுங்கள். பனியோ தூறலோ, கால் மணித்தியாலம் போதும்.

"இராவேலை பழகிப்போகும்" என்பதும் நம்பக்கூடாத பேச்சு. பகலில் பறித்த கொழுந்து பல மணித்தியாலம் வாடிய பிறகுதான் அதைச் சுருட்டும் ரோலர் இயந்திரத்துக்குப் போகும். அதனால் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நடுச்சாமத்துக்குப் பிறகும் வேலை இருக்கும். என் அப்பா இருபது வருடம் அங்கே நின்றார். கடைசி வருடத்திலும் பழகவில்லை. விடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது படும் வெளிச்சமே மணிக்கூட்டைத் திரும்பவும் பகலுக்கு இழுத்துவிடுகிறது. தொப்பியை முன்பக்கம் இழுத்துவிட்டுத்தான் வருவார். அம்மா பழைய கறுப்புச் சேலையை ஜன்னலில் இரண்டாக மடித்துக் கட்டிவிடுவார். காரணம் அவர்களுக்குத் தெரியாது, ஆனால் செய்தது மிகச் சரி. தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் திறமை, இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் அவுஸ்திரேலியாவில் அளந்து காட்டினார்கள். சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாலு மணிக்கு நிற்பவருக்கு இது விளையாட்டல்ல. வேலைக்குப் போகுமுன் ஒரு மணித்தியாலமாவது கண்ணயர வேண்டும். இயந்திரத்தில் எது சிக்கினாலும் நிறுத்தாமல் கை வைக்கவே கூடாது.

பிளேன்டீயை நம்புவதும் இதோடு சேர்ந்த தவறு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அதனால்தான் தூக்கம் அழுத்துகிறது. தேத்தண்ணியிலுள்ள கஃபீன் அடினோசின் சொல்லும் அந்தத் தூக்கச் செய்தியை மறைக்கும், களைப்பைக் கழுவாது. குடித்ததில் பாதி ஐந்து மணித்தியாலம் கழித்தும் உடம்பில் நிற்கும். பிள்ளைக்கு இரவு எட்டு மணிக்குச் சாயம் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனம் தாவித் தாவித் திரும்பும், ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் சிந்தும்.

கடைசியாக அமுக்குவான் பேய். போன தவணையில் ஒரு மாணவி அழுதுகொண்டு வந்தாள். "சேர், முழிப்பு இருக்கு, கை கால் அசையல்ல, நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்காங்க." வீட்டில் நூல் கட்டிவிட்டிருந்தார்கள். கனவுத் தூக்கத்தில் நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கும். சில வேளை அந்தத் தளர்வு விலகுமுன் நினைவு விழித்துக்கொள்கிறது. கனவு இன்னும் கலையாததால் அறையில் ஆள் இருப்பதுபோலத் தோன்றும். சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் தானாக விலகிவிடும். தூக்கம் குறைந்தவர்களுக்கும் நேரம் மாறி மாறித் தூங்குபவர்களுக்கும், மல்லாந்து படுத்தாலும் இது கூடுதலாக வரும். அந்தப் பிள்ளை ஒரு மாதமாக மூன்று மணிக்கு எழும்பிக்கொண்டிருந்தாள்.

நூலை அவிழ்க்கச் சொல்லவில்லை. அது அவர்கள் நம்பிக்கை. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்து ஐந்தரைக்கு எழுப்புங்கள், ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள் என்று அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அடிக்கடி தொடர்ந்தாலோ, பகலில் பேச்சுக்கு நடுவிலேயே தூக்கம் அடித்துப்போட்டாலோ வைத்தியரிடம் காட்டும்படியும் சொன்னேன்.