சீபாப் மெஷினோடு முதல் மாதம்: தவிர்க்க வேண்டிய பிழைகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு கறுப்புப் பை ஏழு மாதம் தூசி பிடித்துக் கிடந்தது. அதற்குள் இருந்தது அப்பாவின் சீபாப் (CPAP) மெஷின், நித்திரையில் மூச்சுவழி அடைபடாமல் காற்று ஊதும் கருவி. நித்திரைப் பரிசோதனையில் அவருக்கு மணிக்கு 38 தடவை மூச்சு தடைப்படுகிறது என்று வந்திருந்தது. 30 தொட்டாலே அது கடுமையான ஸ்லீப் அப்னியா, அதாவது நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் நோய். மெஷினை வாங்கி வந்து நான்கு இரவு போட்டார். ஐந்தாம் நாள் காலை, "எனக்கு இது சரிவராது" என்று மடித்து வைத்துவிட்டார். நாங்களும் பேசாமல் விட்டுவிட்டோம்.

அந்த நான்கு இரவும் என்னதான் நடந்தது என்று வீட்டில் ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. மாதக்கணக்கில் கழித்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் ஒவ்வொன்றாக வந்தது. மூக்குத் தண்டில் நோவு. நடுச்சாமத்தில் முகத்தில் சில்லென்று தண்ணீர். விடிய எழும்பினால் வயிறு ஊதிப் போயிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூச்சு முட்டிச் செத்துவிடுவேனோ என்ற பயம். நான்குக்கும் தனித்தனிக் காரணம் இருந்தது, தனித்தனி வழியும் இருந்தது. அத்தனையையும் 'சரிவராது' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடுவதுதான் இந்தச் சிகிச்சையில் நடக்கிற பெரிய பிழை என்று நினைக்கிறேன். மெஷின் புதிதாக வந்த வீட்டில் இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, எந்த நேரத்தில், எதனால் கழற்றினார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுவது.

இது ஒக்சிசன் மெஷின் இல்லை

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எங்கள் மாமி கூட, "ஒக்சிசன் வைக்கிற அளவுக்கா வந்துவிட்டது?" என்று அழுதுவிட்டார். சீபாப் அறையில் இருக்கும் சாதாரணக் காற்றைத்தான் இழுத்து, மெல்லிய அழுத்தத்தோடு மூக்குக்குள் அனுப்புகிறது. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி ஒட்டிக்கொள்ளும்போது பத்து செக்கனுக்கும் மேலே காற்று நின்றுபோகும். மூளை திடுக்கிட்டு எழுப்பும், திரும்ப அசரும், திரும்ப நிற்கும். உள்ளே போகும் காற்றழுத்தம் அந்த வழி ஒட்டாமல் தாங்கிப் பிடிக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அவுஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து வைத்தியர் கொலின் சலிவன் 1980இல் இதை முதன்முதல் நோயாளிகளில் பார்த்து, 1981இல் எழுதி வெளியிட்டார். அந்தக் காலத்து மாஸ்க்கை மூக்கில் பசை போட்டு ஒட்டித்தான் நித்திரை கொள்ள வேண்டியிருந்தது. இன்று நம் கையில் இருப்பது எவ்வளவோ மென்மையானது.

மாஸ்க்கை இறுக்கிக்கொண்டே போவது

அப்பாவின் மூக்கில் வந்த சிவப்புத் தழும்புக்கு இதுதான் காரணம். காற்று கசிகிற சத்தம் கேட்டதும் பட்டியை இழுத்தார். இன்னும் கசிந்தது, இன்னும் இழுத்தார். மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் சிலிக்கன் மெத்தை காற்றில் கொஞ்சம் ஊதினால்தான் முகத்தோடு படியும். இறுக்கினால் அது நசுங்கி, மடிந்து, முன்னைவிட அதிகமாகக் கசியும். பட்டிக்கும் கன்னத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போய்வர இடம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, கடையில் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து அளவு பார்த்து வாங்கி வருகிறோம். படுத்தால் முகத்தின் தசை வேறு விதமாகச் சரிகிறது. வீட்டில் வழக்கமான தலையணையில் படுத்து, மெஷினை ஓடவிட்டு, காற்று வந்துகொண்டிருக்கும்போதே பட்டியைச் சரிசெய்யுங்கள். பக்கவாட்டில் திரும்பியும் பாருங்கள். அதற்குப் பிறகும் நோவு நிற்காவிட்டால் மாஸ்க்கின் அளவு அல்லது வகை பொருந்தவில்லை. மூக்கை மூடுவது, மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துவது, மூக்கும் வாயும் சேர்த்து மூடுவது என்று மூன்று வகை உண்டு. வாங்கும்போதே மாற்றித் தருவீர்களா என்று கேட்டு வையுங்கள். மெஷினில் எவ்வளவு கவனம் வைக்கிறோமோ, அதே கவனம் மாஸ்க்கிலும் வேண்டும்.

மாஸ்க்கின் முன்பக்கம் இருக்கும் சின்னத் துளைகள் கசிவு அல்ல. நாம் விடும் மூச்சு வெளியேறுவதற்காகவே அவை இருக்கின்றன. சத்தம் வருகிறது என்று அதில் டேப் ஒட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

படுக்கைக்கு முன் முகம் கழுவுங்கள். தேங்காயெண்ணெய், கிறீம் எதுவும் முகத்தில் வேண்டாம். நம் வீடுகளில் மூக்கடைத்தால் கை உடனே சித்தாலேப டப்பாவுக்குப் போகும். மூக்கில் தடவிக்கொண்டு அதன் மேலே மாஸ்க் போட்டால் மெத்தை வழுக்கும், சிலிக்கனும் கெடும், அந்தக் காரம் இரவு முழுக்கக் கண்ணுக்குள்ளேயே ஊதப்படும்.

முதல் ஒத்திகையை இரவில் வைப்பது

பயம் வந்தவரை இருட்டில், களைப்பில், முழு அழுத்தத்தில் கொண்டுபோய் விட்டால் அவர் எப்படித் தாங்குவார்? அப்பாவோடு இரண்டாம் முறை தொடங்கியபோது நாங்கள் பகலில் தொடங்கினோம். முதல் இரண்டு நாள் மெஷினே இல்லை. மத்தியானச் செய்தி பார்க்கும்போது மாஸ்க்கை வெறுமனே கையால் முகத்தில் பிடித்துக்கொண்டு இருந்தார். அப்புறம் பட்டியோடு. அதன்பிறகு மெஷினைக் கொழுவி, காற்றோடு இருபது நிமிடம், பேப்பர் வாசித்தபடி. பிறகு மத்தியானக் குட்டித் தூக்கம். ஒன்பதாம் நாள்தான் இரவுக்குப் போனோம். ஒரு படியில் பயம் வந்தால் முந்தின படிக்குத் திரும்பினோம், அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தாததுதான் எங்களைக் காப்பாற்றியது.

பயத்தைக் குறைக்க இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, பெரும்பாலான மெஷின்களில் ராம்ப் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் காற்று மிகக் குறைவாகத் தொடங்கி, நீங்கள் அசரும் நேரத்துக்குள் மெல்ல மெல்லக் கூடும். அப்பாவுடைய மெஷினில் அது அணைத்தே இருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. மற்றது, நடுவில் கரண்ட் போனாலும் மூச்சு முட்டாது. மூக்கு மாஸ்க் என்றால் வாயைத் திறந்து மூச்சு விடலாம், துளைகளும் இருக்கின்றன. வாயையும் மூடும் மாஸ்க்கில் மெஷின் நின்றதும் வெளிக்காற்றுக்குத் திறந்துகொள்ளும் வால்வு இருக்கும். இதை அப்பாவுக்குச் சொன்னதோடு விடவில்லை. அவர் முழித்திருக்கும்போதே மாஸ்க்கோடு சுவிட்சை அணைத்துக் காட்டினோம். அன்றைக்கு அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

பாதி இரவோடு கழற்றிவிடுவது

"நாலு மணித்தியாலம் போட்டேன், போதும்" என்று பலர் விடியப்புறம் கழற்றிவிடுகிறார்கள். அமெரிக்கக் காப்புறுதிக் கணக்கில் இரவுக்கு 4 மணித்தியாலம் என்பது ஒரு அளவுகோல், அது பரவலாகப் பேசப்படுவதால் இந்த எண்ணம் வந்திருக்கலாம். ஆனால் கனவு காணும் நித்திரை பெரும்பாலும் விடியற்காலையை ஒட்டித்தான் வருகிறது. அந்நேரம் தசைகள் மிக அதிகமாகத் தளர்கின்றன. பலருக்கு மூச்சு அதிகம் தடைப்படுவதும், அதிக நேரம் நிற்பதும் அப்போதுதான். மூன்று மணிக்குக் கழற்றினால், மிக வேண்டிய நேரத்தில் பாதுகாப்பு இல்லாமல் கிடக்கிறோம். சிறுநீர் கழிக்க எழும்பினால் மாஸ்க்கைக் கழற்றாமல் குழாயை மட்டும் பிரித்துவிட்டுப் போய் வாருங்கள், திரும்ப மாட்டுவது லேசு. பகல் தூக்கத்துக்கும் மெஷின் வேண்டும்.

தண்ணீரும் ஏசியும்

முகத்தில் தெறித்த தண்ணீருக்கு வருகிறேன். இது கொழும்பு வீடுகளில் அடிக்கடி நடக்கக்கூடியது. மெஷினின் தொட்டியில் காற்று சூடாகி ஈரமாகிறது. அறை ஏசியை 18இல் வைத்திருந்தால், குளிர்ந்த குழாய்க்குள் அந்த ஈரம் துளித்துளியாகப் படிந்து, சேர்ந்து, கடைசியில் மூக்குக்கு வருகிறது. குடல் இரைவது போல ஒரு சத்தமும் வரும். ஏசியை 25, 26க்கு உயர்த்துங்கள். குழாயைப் போர்வைக்குள்ளால் விடுங்கள் அல்லது துணியுறை போடுங்கள். மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே, ஒரு சின்ன ஸ்டூலில் வையுங்கள், வடியும் தண்ணீர் தொட்டிக்கே திரும்பும். ஈரப்பத அளவை ஒரு எண் குறைத்துப் பாருங்கள். நமது கடலோரக் காற்றே ஈரமானது. ஏசி இல்லாத அறையில் குறைந்த அளவே சிலருக்குப் போதும். ஆனால் வாய் காய்கிறது, மூக்கு எரிகிறது என்றால் கூட்டத்தான் வேண்டும்.

தொட்டிக்கு வடித்த நீர்தான் (டிஸ்டில்ட் வாட்டர்). கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கிருமி போகும், உப்புகள் போகா. அவைதான் தொட்டியில் வெள்ளையாகப் படிகின்றன. பட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீரும் வேண்டாம், அது மூச்சுக்காகத் தயாரித்தது அல்ல. காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட்டுத் தொட்டியைத் திறந்து காயவிடுங்கள்.

மாஸ்க்கின் மெத்தையைத் தினமும் மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் துடைக்க வேண்டும், குழாயை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். டெட்டோல், பிளீச், சுடுதண்ணீர், மொட்டைமாடி வெயில் எல்லாம் வேண்டாம். வாகனம் ஓயாத காலி வீதிப் (Galle Road) பக்கம் இருப்பவர்கள் காற்று வடிகட்டியை அடிக்கடி பாருங்கள், எங்களுடையது இரண்டு கிழமையில் சாம்பல் நிறமாகிவிடுகிறது.

மூக்கு, வாய், வயிறு

மூக்கடைப்போடு மூக்கு மாஸ்க் போட்டால் வாய் தானாகத் திறக்கும், காற்று வாயால் ஓடிவிடும், காலையில் நாக்கு மரக்கட்டையாக இருக்கும். முதலில் மூக்கைக் கவனியுங்கள். உப்புநீர் ஸ்பிரே உதவும், ஒவ்வாமை இருந்தால் வைத்தியர் மருந்து தருவார். அதன் பிறகும் வாய் திறந்தால் வாயையும் மூடும் மாஸ்க் பற்றிக் கேளுங்கள். தாங்களாகவே வாயில் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

வயிறு ஊதுவது காற்றை விழுங்குவதால். பத்து மணிக்குப் புட்டும் கறியும் சாப்பிட்டு, பத்தரைக்குப் படுத்தால் இது கூடும். சாப்பாட்டை முன்னுக்குத் தள்ளுங்கள், தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள். போகாவிட்டால் அழுத்தம் கூடிப்போயிருக்கலாம், அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். மெஷினின் அமைப்புக்குள் புகுந்து தாங்களே அழுத்தத்தைக் குறைத்தால் வயிறு சரியாகும், மூச்சுத்தடை திரும்ப வந்துவிடும். மதுவும் சில தூக்க மாத்திரைகளும் தொண்டையை இன்னும் தளரவைக்கும், அவற்றை எடுப்பதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

லண்டனில் இருந்து வந்த மெஷின்

இது நம் சமூகத்துக்கே உரிய பிழை, அன்பினால் வருகிற பிழை. இங்கே புது மெஷின் விலை கைக்கெட்டாததாக இருக்கிறது. லண்டனிலோ டொரொண்டோவிலோ ஒரு பெரியப்பா புதிது வாங்கினதும் பழையதை இங்கே அனுப்புகிறார். அதில் இருப்பது பெரியப்பாவின் தொண்டைக்கு வைத்த அழுத்தம். உங்கள் பரிசோதனை முடிவோடு கொண்டுபோய் மாற்றி அமைக்காமல் ஒரு இரவு கூடப் போடக் கூடாது. மாஸ்க், குழாய், தொட்டி, வடிகட்டி எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் ட்ரீம்ஸ்டேஷன் முதல் தலைமுறை உட்படப் பல மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்த நுரை உதிர்ந்து மூச்சோடு போகக்கூடும் என்பது காரணம். ஆகவே கைமாறி வந்த மெஷினின் மாடலையும் தொடர் இலக்கத்தையும் பார்ப்பது முக்கியம். மின்சாரம் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அடாப்டரின் பின்பக்கம் 100–240 வோல்ட் என்று இருந்தால் நமது 230க்குப் பொருந்தும், பிளக் மட்டும் மாற வேண்டும்.

மின்வெட்டை நாம் மறக்க முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கவே நின்றது. வசதி இருந்தால் மெஷினுக்குப் பொருந்தும் பட்டரி ஒன்று வைத்திருங்கள். ஈரப்பதச் சூட்டை அணைத்தால் அது பல மடங்கு நேரம் ஓடும். பட்டரி இல்லாத இரவில் மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுப்பது கொஞ்சம் உதவும்.

காலையில் திரையைப் பாருங்கள்

எத்தனை மணித்தியாலம் போட்டோம், எவ்வளவு கசிந்தது, மணிக்கு எத்தனை தடை என்று பெரும்பாலான மெஷின்கள் காட்டும். கடைசி எண் 5க்குக் கீழே வருவதே நோக்கம். ஒரு இரவு 9 என்று வந்தால் பயப்பட வேண்டாம். கிழமைக்கணக்கில் அப்படியே நின்றால், அல்லது எண் நன்றாக இருந்தும் பகலில் நித்திரை சொக்கினால், அடுத்த தவணை வரை காத்திராமல் வைத்தியரிடம் போங்கள். மூக்கால் இரத்தம் நிற்காமல் வந்தால், காது கடுமையாக நொந்தால் உடனே பேசுங்கள். இரத்த அழுத்த மருந்தை வைத்தியர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். நித்திரை சொக்கும் வரை வாகனமும் வேண்டாம்.

குறட்டை நின்றுவிட்டது, இனி மெஷின் எதற்கு என்ற எண்ணம் மூன்றாம் மாதத்தில் வரும். அப்பாவுக்கும் வந்தது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போனபோது, ஐந்து நாள்தானே என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். இரண்டாம் இரவே சித்தியின் வீட்டில் எல்லோரையும் குறட்டை எழுப்பிவிட்டது, நான்காம் நாள் தேர் பார்க்க நின்றவர் தூண் ஒன்றில் சாய்ந்து அசந்துபோனார். இப்போது யாழ்ப்பாணம் போகும்போது அந்தக் கறுப்புப் பைதான் முதலில் அடுக்கப்படுகிறது. சித்தி வீட்டில் பிளக் பொயின்ட் கட்டிலுக்கு எட்டாது என்பதால், அதற்குள் மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றும் நிரந்தரமாக இருக்கிறது.