அம்பாசிடரின் பழைய பாகங்களை விற்பவர்களுக்கு

2014-இல் அம்பாசிடர் காரின் உற்பத்தி நின்றுவிட்டதால், அதன் பழைய கதவு, பானெட், ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) போன்றவற்றை எடைக்குப் போடுவதைவிட, அதே வண்டியைப் பேணிவரும் ஆர்வலர்களுக்கு நேரடியாக விற்பதே நல்லது. முன்பக்க கிரில் மார்க் 2, 3, 4 ஆகியவற்றில் வேறுபடும் என்பதால், பாகம் எந்த மாடலைச் சேர்ந்தது என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

படம் எடுக்கும்போது பெயின்ட் பளபளக்கும் பக்கத்தைவிட, கதவின் அடி விளிம்பு, தண்ணீர் வடியும் துளைகள், கீல் பொருந்தும் இடம் ஆகியவற்றையே அருகில் காட்டுங்கள். துரு பெரும்பாலும் அங்குதான் தொடங்குகிறது. மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டின் மேல் மெல்ல நகர்த்தினால், பிடிப்பு தளரும் இடத்தில் தடிமனாகப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) பூசியிருப்பது தெரிந்துவிடும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டே படம் எடுப்பது என் வழக்கம். விலை சற்றுக் குறையும், பிறகு தகராறு வராது.

வண்டியின் ஆர்.சி. நகலை வைத்துக்கொண்டு, பாகத்தின் பெயர், தேதி, தொகை ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். திருட்டுப் பொருளோ என்ற ஐயத்துக்கு அதுவே பதில். சேசிஸ் எண் (வண்டியின் அடையாள எண்) பொறித்த தகட்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

லாரி பார்சலில் அனுப்பினால் மூலைகளுக்குத் தெர்மாகோலும் அட்டையும் வைத்துக் கட்டுங்கள். செய்தித்தாள் மட்டும் சுற்றி நான் அனுப்பிய பானெட் ஒன்று, மூலை மடங்கித்தான் போய்ச் சேர்ந்தது. கண்ணாடியை நேரில் ஒப்படையுங்கள்.