100 பாக்கெட்டைவிட 101 மலிவா? அளவுக்கேற்ற சந்தா விலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடைகளுக்குத் தோசை மாவு போடுகிற ஒருவர், மாதச் சந்தாவுக்கு இப்படி விலை வைக்கிறார் என்று கொள்வோம்: 100 பாக்கெட் வரை ஒன்று 4 ரிங்கிட்; 100-ஐத் தாண்டினால் எல்லாப் பாக்கெட்டும் 3.50. கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் 100 எடுப்பவர் 400 ரிங்கிட் கட்டுவார். 101 எடுப்பவர் 353.50 கட்டுவார். 89 பாக்கெட்டே போதும் என்றிருப்பவர்கூட 101 கேட்டு, மிஞ்சியதைப் பக்கத்துக் கடைக்குத் தள்ளிவிடுவார். கடைக்காரர்களுக்குக் கணக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

இதைத் தவிர்க்கப் படிப்படியான விலை இருக்கிறது. 2025 ஜூன் வரை தீபகற்ப மலேசியாவில் வீட்டு மின்கட்டணம் அப்படித்தான் போடப்பட்டது: முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100-க்கு 33.40 சென். 201-ஆவது யூனிட்டைத் தொட்டதால் முந்தைய 200-க்கு விலை மாறவில்லை. மாவுக்கும் அதே கணக்கைப் போட்டால் 101 பாக்கெட் 403.50 ஆகும். 200 எடுக்கும் பெரிய வாடிக்கையாளர் 700-க்குப் பதில் 750 கட்ட வேண்டிவரும், முணுமுணுக்கத்தான் செய்வார். கெட்டுப்போகிற சரக்குக்கு அந்த முணுமுணுப்பே மேல் என்பேன். ஸ்டிரைப் போன்ற பில்லிங் சேவைகளில் முதல் வகை ‘வால்யூம்’, இரண்டாவது ‘கிராஜுவேட்டட்’. தேர்ந்தெடுக்கும் முன் 99, 100, 101 ஆகிய மூன்றுக்கும் பில் போட்டுப் பாருங்கள்.

விலைப்பட்டியலில் ‘1–100, 100–200’ என்று எழுதுவதும் வம்புதான். 100 எந்தப் படியில் சேரும்?

மாத நடுவில் அளவு கூடும்போது பலர் குழம்புகிறார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு கடை 80-ஐ 160 ஆக்குகிறது. மென்பொருளில் அதைச் சந்தாவின் அளவு மாற்றமாகப் பதிந்தால், மீதமுள்ள நாள்களுக்கு மட்டும் விகிதம் பிரித்து வசூலிக்கும். மென்பொருளை ஆளுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தாவில் விற்பவருக்கு அது நியாயம்; பாக்கெட்டைக் கொடுத்து முடித்த உங்களுக்கு நட்டம். கொடுத்ததையெல்லாம் கூட்டி மாதக் கடைசியில் பில் போடும் முறையை வையுங்கள்.

சென் கணக்கில் ஒன்று: 2008 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள 5 சென் முழுமையாக்கம் (தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குக் கொண்டுவருவது) ரொக்கத்துக்கு மட்டுமே, அதுவும் பில்லின் மொத்தத் தொகைக்கு. ஒவ்வொரு வரியிலும் முழுமையாக்காதீர்கள். இணையவழி கட்டுபவரிடம் சரியான தொகையையே வாங்குங்கள்.