செலினியம் மாத்திரைக்குப் பதில் முளைகட்டிய ராகி

புற்றுநோய் வராமல் தடுக்கும் என்று நம்பி செலினியம் என்ற தாதுச்சத்து மாத்திரையை வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்குச் சந்தையில் ராகி வாங்கி, முளைகட்டி, காயவைத்து, அரைத்து வையுங்கள். களி கிண்டித் தயிரோடும் கீரைக் கடைசலோடும் சாப்பிடுங்கள்.

100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அந்தக் கால்சியத்தை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும் பைட்டேட் என்ற பொருளை முளைகட்டுதல் குறைக்கிறது. கால்சியம் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொள்வதால் பெருங்குடலின் உட்சுவர் அரிக்கப்படுவது குறைவதாகக் கருதப்படுகிறது; கால்சியம் போதுமான அளவு உண்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. முழுப் பாதுகாப்பு என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம்.

செலினியத்தின் கதை வேறு. 2001இல் வட அமெரிக்காவில் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் தொடங்கிய பெரிய சோதனையில் அந்த மாத்திரை புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள சுரப்பி) புற்றுநோயைத் தடுக்கவில்லை. 2008இல் மாத்திரைகளை நிறுத்தினார்கள். உடலில் ஏற்கெனவே செலினியம் நிறைந்திருந்தவர்கள் அந்த மாத்திரையை எடுத்தபோது அவர்களுக்குத் தீவிர வகைப் புற்றுநோய் கூடியதாக 2014இல் தெரியவந்தது. மிகுதியான சத்து நன்மை செய்யும் என்று நம் வீடுகளில் ஆழமாகப் பதிந்திருக்கும் எண்ணம் எனக்குக் கவலை தருகிறது.

சிறுநீரகக் கல், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது, மருத்துவரைக் கேளுங்கள். சர்க்கரை நோயாளிகள் களியின் அளவைக் குறைக்க வேண்டும். ரத்தசோகைக்கோ கர்ப்பத்துக்கோ மருத்துவர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நிறுத்தவே கூடாது.