வன்னி வெக்கையில் ஊர்க்கோழி முட்டை பொரிக்க வைப்பது எப்படி?

வீட்டில் அடை கிடக்கிற பேடு இருந்தால் முட்டையை அதனிடமே விட்டுவிடுங்கள். பல்ப் சூட்டில் முட்டை பொரிக்க வைக்கும் எந்தப் பெட்டியும் அதற்கு ஈடில்லை. பேடு அடைக்கு வராதபோது, அல்லது ஒரே தடவையில் 30 குஞ்சு வேண்டும் என்றால்தான் இந்தப் பெட்டி வேலை.

கரு வளரத் தேவையான சூடு 37.5 பாகை செல்சியஸ். குளிர்நாட்டுக்காரர் எழுதும் விளக்கங்களில் சூடு குறையாமல் பார்ப்பதே பெரிய கவலை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ அது கூடாமல் பார்ப்பதுதான் எங்கள் பாடு.

முட்டை சேர்த்தல்

சேவலோடு திரியும் கோழியின் முட்டையாக இருக்கவேண்டும். கடையில் வாங்கும் பண்ணை முட்டை பொரிக்காது. முட்டையைக் கழுவாதீர்கள், ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போனால் கிருமி உள்ளே இறங்கும்.

ஏழு நாளுக்கு மேல் சேர்த்து வைக்கவேண்டாம். அந்த ஏழு நாளும் எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பாதி வெற்றி. தகரக் கூரையின் கீழ் அறை 32, 33 பாகையில் இருந்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பெட்டிக்குப் போகுமுன்பே செத்துவிடும். பிறகு பழி சேவல் தலையில்! ஈர மணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் வைக்கோல் போட்டு, கூர்முனை கீழே இருக்க முட்டைகளை அடுக்கி, துணியால் மூடி நிழலில் வையுங்கள்.

பெட்டி

மீன் ஏற்றுகிற ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டி போதும். நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். உள்ளே 25 வாட் குண்டு பல்ப் இரண்டு (ஒன்று எரிந்து போனாலும் மற்றது தாங்கும்), குறித்த சூட்டில் பல்பை அணைத்து ஏற்றுகிற ஒரு தெர்மோஸ்டாட், கம்பியூட்டருக்குள் சுற்றுகிற சின்ன ஃபான், தண்ணீர்த் தட்டு. பக்கங்களில் காற்றுத் துளைகள் வேண்டும். பல்ப் ரெஜிபோமில் முட்டக்கூடாது, தீப்பிடிக்கும். வயர் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மலிவான வெப்பமானி ஒரு பாகை பொய் சொல்லும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் அதையும் ஒரே வெதுவெதுப்பான நீரில் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். முட்டை வைக்குமுன் ஒரு முழு நாள் பெட்டியை வெறுமையாக ஓடவிடுங்கள்.

21 நாள்

ஓட்டு வீட்டின் நடு அறைதான் நல்ல இடம். கருக்கள் பெரிதாகும்போது அவையே சூட்டை வெளிவிடும். அதனால் இரண்டாவது கிழமைக்குப் பிறகு, மத்தியானம் பல்ப் அணைந்திருந்தாலும் சூடு ஏறலாம். பின்னேரம் 2 மணிக்குக் கட்டாயம் பாருங்கள். 40 பாகையில் சில மணிநேரம் போனால் கருக்கள் செத்துப்போகலாம். மூடியைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். கரண்ட் போய் ஒரு மணிநேரம் ஆனால் பதறத் தேவையில்லை, சாக்கால் மூடினால் போதும்.

முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் குறியிட்டு, நாளுக்கு மூன்று அல்லது ஐந்து தடவை புரட்டுங்கள். ஒற்றைப்படை என்றால் ஒவ்வோர் இரவும் பக்கம் மாறும். புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிவிடும்.

ஈரப்பதன் முதல் 18 நாளும் 50 முதல் 55 வீதம். சோளகம் (வறண்ட தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் இரண்டு தட்டுத் தண்ணீர் வேண்டியிருக்கும், மாரியில் ஒன்றே அதிகம். தட்டின் ஆழத்தைவிட அகலம்தான் முக்கியம்.

ஏழாம் நாள் இரவு, ஃபோன் டோர்ச்சில் முட்டையைப் பிடியுங்கள். சிலந்தி போல சிவப்பு நரம்புகள் தெரிந்தால் உயிருள்ளது. வெறுமையாகத் தெரிவதை எடுத்துவிடுங்கள். கூழ்முட்டை வெடித்தால் பெட்டி முழுக்க நாறும்.

18ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்தி, ஈரப்பதனை 65, 70க்கு உயர்த்தி மூடிவிடுங்கள். அப்புறம் திறந்து பார்க்கிற ஆசையை அடக்கவேண்டும். ஓடு கொத்தி ஒரு நாள் வரை எடுக்கும், உரித்து உதவப் போகாதீர்கள். குஞ்சு காயும்வரை உள்ளேயே இருக்கட்டும். மஞ்சள் கரு உடம்புக்குள் போயிருப்பதால் முதல் நாள் தீன் தேவையில்லை.

வெளியே எடுத்ததும் 33 பாகையளவு சூடுள்ள கூடு. பகலில் எங்கள் பக்கம் பல்ப் இல்லாமலே அது கிடைக்கும். குஞ்சுகள் செட்டையை விரித்து வாய் திறந்து இளைத்தால் சூடு கூடிவிட்டது. கோழிகளைக் கொல்லும் ராணிகெட் நோய்க்கான தடுப்பு மருந்துக்குக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.